அம்பாசடருக்கு ஒரு இஞ்சின்

பண்ணைப்புரம்
3 ஜூன் 2024

தமிழ்மாறனுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. லோயர் கேம்ப்பிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் நீ நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறார்கள்.

இனி உன்னோடு பேசமாட்டேன் என்று தை மாதம் போனில் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் அம்பாசடருக்கு இஞ்சின் வாங்கிவிட்டேன். மதுரையில் பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடத்தில் கிடைத்தது. அதே பெட்ரோல் இஞ்சின்தான். ஆள் வைக்காமல் நானே பூட்டப்போகிறேன். இதையெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனால் ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. என் பெயருக்கு மாற்றவும், புது இஞ்சின் நம்பரை ஏற்றவும், இன்னொரு வாரிசான உனக்கு ஆட்சேபணை இல்லை என்று நீ கையெழுத்துப் போட வேண்டுமாம். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பு.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். தோட்டமும் கடமலைக்குண்டு வீடும் உனக்கு என்று நான் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது பேனா எங்கேயும் நிற்கவில்லை. பதிலுக்கு நான் கேட்டது அந்த வண்டி ஒன்றைத்தான். டிராக்டரில் கட்டி இழுத்து வந்து எங்கள் வாசலில் விட்டார்கள். என் புகுந்த வீட்டு ஆட்கள் சுற்றி நிற்க, என் வீட்டுக்காரர், உன் மாமா, பானெட்டைத் தூக்கினார். இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் எலி கூடு கட்டியிருந்தது. அப்பா மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ அதைக் கழற்றி விற்றுவிட்டாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் தினமும் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கையெழுத்துப் போட நேரம் ஆகாது. உடனே அனுப்பு.

தேவயானி


லோயர் கேம்ப்
8 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்னால் உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்து உன் தம்பி பெண்டாட்டி ராஜாத்திக்கு சந்தோஷம். படித்த பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

வண்டி உன்னுடையது. கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இஞ்சினை நீ பூட்டுவதற்கு ஆட்சேபணை இருக்கிறது. அது இருநூறு கிலோ இரும்பு அக்கா. நான் இத்தனை வருஷமாக இங்கே பவர் ஹவுஸில் ஃபிட்டராக இருக்கிறேன். தொங்குகிற எடைக்குக் கீழே கை விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு கை குலுக்கினால் தெரியும், எத்தனை விரல் மிச்சம் என்று. நீ தையல் கடை வைத்திருக்கிறாய். தையல் மெஷினைப் பிரித்துப் பூட்டத் தெரியும் என்பதற்காக இஞ்சினில் கை வைப்பது, நீச்சல் தெரியும் என்று சொல்லி, பவர் ஹவுஸுக்குத் தண்ணீர் இறங்குகிற பெரியாறு பைப்புக்குள் குதிப்பது மாதிரி.

உத்தமபாளையத்தில் நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். யாரையாவது கூப்பிடு. வேலை முடிந்ததும் வந்து பார்த்துவிட்டு அங்கேயே கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை தாள் என்னிடம் இருக்கட்டும்.

மாமாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வாட்ஸப்பில் என்னை நீ பிளாக் செய்திருப்பதும் தெரியும். வேறு வழியில்லாமல்தான், பள்ளிக்கூடத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கடிதம் எழுதுகிறேன். கை வலிக்கிறது.

தமிழ்மாறன்


பண்ணைப்புரம்
21 ஜூன் 2024

தமிழ்மாறனுக்கு,

உன் மாமா போனை எடுக்கமாட்டார். எடுத்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

மெக்கானிக்கைக் கூப்பிடு என்று எழுதியிருந்தாய். கூப்பிடாமலா இருப்பேன்? ஒருவர் வண்டியைப் பார்க்கக்கூட வரவில்லை. போனிலேயே எடைக்குப் போடச் சொன்னார். இன்னொருவர் வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் உன் மாமாவைப் பார்த்துப் பதில் சொன்னார். உன் மாமாவுக்கு சைக்கிள் செயின் மாட்டத் தெரியாது. கடைசியில், "வீட்ல ஆம்பளையாளு முடிவு பண்ணிட்டுச் சொல்லி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே போய் ஸ்பானர் செட் வாங்கிவிட்டேன்.

இதுவரை நடந்ததைச் சொல்கிறேன். பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாயிற்று. ரேடியேட்டரையும் எடுத்தாயிற்று. போர்வெல் மோட்டார் தூக்குகிற தங்கப்பாண்டி அண்ணன் தன் முக்காலியையும் செயின் பிளாக்கையும் கொண்டுவந்து நிறுத்தினார். நேற்று இஞ்சினைத் தூக்கினோம். அவர் செயினை இழுக்க, உன் மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்க, நான் வழிகாட்டினேன். மெதுவாக இறங்கி உள்ளே போனது. கீழே யாரும் கை விடவில்லை. உன் விரல் கதையைப் படித்த பிறகு உன் மாமா வண்டிப் பக்கமே வரமாட்டேன் என்று நின்றதுதான் பெரிய தொந்தரவு.

ஆனால் இஞ்சின் கியர்பாக்ஸோடு சேரவில்லை. இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது. ஆட்டினோம், அசைத்தோம், தள்ளினோம். அதற்கு மேல் போகமாட்டேன் என்கிறது. சுற்றிலும் போல்ட்டைப் போட்டு மெல்ல மெல்ல இறுக்கினால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று தங்கப்பாண்டி அண்ணன் சொல்கிறார். நாளைக் காலையில் அப்படித்தான் செய்யப்போகிறோம்.

உன்னிடம் யோசனை கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

தேவயானி


லோயர் கேம்ப்
25 ஜூன் 2024

அக்கா,

இறுக்காதே. இறுக்காதே. இறுக்காதே.

இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். உன் கடிதம் இன்றைக்குத்தான் கையில் கிடைத்தது. நீ எழுதியிருக்கிற 'நாளைக் காலை' போய் மூன்று நாளாகிறது. என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எரிச்சலாக வருகிறது. கையில் போன் இருக்கிறது, வீட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள். நாம் என்னவென்றால் வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர் மாதிரி தபால் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

காரணத்தைக் கேள். கியர்பாக்ஸிலிருந்து ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. அது கிளட்ச் பிளேட்டின் நடு ஓட்டைக்குள் நுழைந்து, அதற்கும் பின்னால் இஞ்சின் பக்கம் இருக்கிற சின்னப் புஷ்ஷுக்குள் போய் உட்கார வேண்டும். இரண்டு ஓட்டையும் ஒரே நேர்க்கோட்டில் இல்லையென்றால் தண்டு முட்டி நிற்கும். அந்த இரண்டு விரல் இடைவெளி அதுதான். முட்டி நிற்பதைப் போல்ட் போட்டு இழுத்தால் எது பலவீனமோ அது உடையும். கியர்பாக்ஸின் முன்வாய் அலுமினியம். போல்ட் நுழைகிற அதன் காது உடையும்.

செய்ய வேண்டியது இதுதான். இஞ்சினை மறுபடி தூக்கி வெளியே எடு. கிளட்ச் மூடியின் திருகுகளைத் தளர்த்து. பழைய கியர்பாக்ஸ் தண்டு ஒன்று கிடைத்தால், அதை இரண்டு ஓட்டைக்குள்ளும் விட்டு நேராக்கிவிட்டு, மூடியை இறுக்கு. பிறகு தண்டை உருவு. அதன் பின் சேர்த்தால் ஒரு கையால் தள்ளினாலே போகும். போகவில்லையென்றால் நிறுத்து. எனக்கு எழுது. அல்லது, பெரிய மனது பண்ணி, போன் போடு.

தங்கப்பாண்டி அண்ணன் போர்வெல்லுக்குள் மோட்டார் இறக்கட்டும். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

தமிழ்மாறன்


பண்ணைப்புரம்
29 ஜூன் 2024

தமிழ்மாறனுக்கு,

உன் ஸ்பீட் போஸ்ட் வியாழக்கிழமை வந்தது. காது போன சனிக்கிழமையே உடைந்துவிட்டது.

துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். உன் மாமா கயிற்றை விட்டுவிட்டுத் தென்னந்தோப்புக்குள் ஓடினார். தங்கப்பாண்டி அண்ணன், "கொஞ்சூண்டுதேன் ஒடஞ்சிருக்கு" என்றார். அந்தக் கொஞ்சத்தைப் பொறுக்கித் துணியில் முடிந்து வைத்தேன். கியர்பாக்ஸையும் கழற்றிச் சின்னமனூருக்கு எடுத்துப் போய், அலுமினியம் ஒட்டுகிற பட்டறையில் காத்துக் கிடந்து ஒட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் மடியில் கியர்பாக்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு யாரும் பக்கத்தில் இடம் கேட்பதில்லை. அது ஒரு சௌகரியம்.

பிறகு நீ சொன்னபடி செய்தேன். பழைய தண்டு எங்கேயும் கிடைக்கவில்லை. ஒரு மண்வெட்டிக் காம்பைச் சீவி, சின்ன ஓட்டைக்குச் சரியாக முனையை இழைத்தேன். பெரிய ஓட்டை வருகிற இடத்தில் காலருக்குள் வைத்துத் தைக்கிற கான்வாஸை நாடா மாதிரி வெட்டிச் சுற்றினேன், ஆடாமல் பிடிக்கிற வரைக்கும். கிளட்ச் பிளேட்டை நேராக்கி மூடியை இறுக்கிவிட்டுக் காம்பை உருவினேன். கியர்பாக்ஸை ஏற்றி முடித்து, நேற்று மாலை மறுபடி இஞ்சினை இறக்கினோம். ஒட்டுவதற்கு முன்னால் இஞ்சினின் முன்பக்கத்துப் புல்லியை மெல்ல ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தேன். தண்டு உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம். இடைவெளி இல்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் மாமா அழுதார். எதற்கு என்று கேட்டேன், இனிமேல் கயிறு பிடிக்க வேண்டாம் அல்லவா என்றார்.

நீ சொன்னது சரிதான். அதற்காக நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. இவ்வளவு தெரிந்தவன் அன்றைக்கு அந்த இஞ்சினை எவ்வளவு பக்குவமாகக் கழற்றியிருப்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு போல்ட்கூடக் கெடாமல், ஒரு காதுகூட உடையாமல். அக்காவிடம் சொல்லாமல்.

கையெழுத்து?

தேவயானி


லோயர் கேம்ப்
6 ஜூலை 2024

அக்கா,

மண்வெட்டிக் காம்பை எங்கள் செக்‌ஷனில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற சார்ஜ்மேன் மட்டும், அதில் தப்பு ஒன்றும் இல்லையே என்றார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் கடிதத்தின் கடைசியை மறுபடி படித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. இவ்வளவு நாளும் சொல்லாததைச் சொல்கிறேன்.

இஞ்சினை விற்கச் சொன்னது அப்பா.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி குறித்த அன்று, நீ சாப்பாடு வாங்கப் போயிருந்தாய். அப்பா என்னைக் கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வண்டி இஞ்சின் தேனியில ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருந்தான். அத அவனுக்குக் குடுத்துரு. தேவயானிக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா அவ கையில கெடக்குற வளையலக் கழட்டிருவா." நான் மறுநாள் கடமலைக்குண்டுக்குப் போய்க் கழற்றினேன். ஆமாம், பக்குவமாகத்தான் கழற்றினேன். அதைத் தப்பாகக் கழற்றிப் போட எனக்குத் தெரியாது.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு நீ அந்த வண்டியைத்தான் கேட்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் தோட்டம் கேட்பார்கள். நீ வண்டி என்றாய். பத்திர ஆபீஸில் நாலு பேர் முன்னால் என்ன சொல்வது? வண்டி போய்ச் சேரட்டும், அப்புறம் நிதானமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் மாமா பானெட்டைத் தூக்கிவிட்டார். நீ போனில் கத்தினாய். ஒரு வார்த்தை பேச விட்டாயா? வைத்துவிட்டாய்.

அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும், அக்காவை ஏமாற்றியவன் என்றுதான் என்னைப் பார்க்கிறார்கள். போன மாதம் கம்பத்தில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் என் பக்கத்து இலை காலியாகவே கிடந்தது. செத்துப்போன அப்பாவின் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கும் அலுத்துவிட்டது.

தமிழ்மாறன்


பண்ணைப்புரம்
2 ஆகஸ்ட் 2024

தமிழ்மாறனுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், எழுத உட்கார்ந்தபோதெல்லாம் திட்டு மட்டும்தான் வந்தது. இப்போதும் அதுதான் வருகிறது. ஆனால் கொஞ்சம் வரிசையாக வருகிறது.

அப்பா அப்படிச் சொல்லியிருப்பார். சந்தேகமில்லை. அது அவர் பேச்சுத்தான். வளையலைக் கழற்றியிருப்பேனா? கழற்றியிருப்பேன். அந்த நிமிஷமே கழற்றியிருப்பேன். ஆனால் அதைக் கழற்றலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவள் நான். அப்பாவும் நீயும் காதோடு காதாகப் பேசி என் கையைப் பற்றி முடிவு செய்திருக்கிறீர்கள். அதில் உனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் நல்லதுக்குத்தானே என்பாய். அந்த மெக்கானிக்கும் என் நல்லதுக்குத்தான் ஆம்பளையாளிடம் கேட்கச் சொன்னான்.

சரி, அப்பா என்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். அப்பா போன பிறகு? பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாம் இரண்டு பேரும் பாத்திரம் எண்ணி வைத்தோமே, அப்போது சொல்லியிருக்கலாம். நான் வண்டி என்று சொன்னபோது என்னை வெளியே கூப்பிட்டு, அக்கா, அதில் இஞ்சின் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்போதும் நான் வண்டியைத்தான் கேட்டிருப்பேன், தெரியுமா? வெறும் கூட்டையே வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். ஆனால் தெரிந்து வாங்கியிருப்பேன். ஊர் முன்னால் பானெட்டைத் தூக்கிப் பார்த்து முழித்திருக்கமாட்டேன்.

இது போகட்டும். இஞ்சின் விஷயத்துக்கு வருகிறேன், அது இதைவிட மோசம்.

எல்லாம் மாட்டியாயிற்று. ரேடியேட்டர், கார்பரேட்டர், டைனமோ, சைலன்சர் குழாய், எல்லாம். ஆயில் ஊற்றியாயிற்று. புது பேட்டரி. சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுற்றுகிறது, ஆனால் ஓடவில்லை. திருப்பித் திருப்பி அடித்தேன். நாலாவது தரம் கார்பரேட்டர் வாய் வழியாக 'பட்' என்று தீ வந்தது. பானெட் இல்லாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முன்மயிர் பொசுங்கிவிட்டது. கண்ணுக்கு ஒன்றுமில்லை. உன் மாமா ஓடி வந்து ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக் கார்பரேட்டருக்குள் ஊற்றினார். தீ அணைந்தது. கார்பரேட்டரும்தான். அதைப் பிரித்துக் காயவைத்து மாட்ட ஒரு வாரம் ஆயிற்று. மறுபடி அடித்தேன். மறுபடி தீ. இந்தத் தடவை ஈரச்சாக்கோடு தயாராக இருந்தார்.

பிளக்கில் நெருப்புப் பொறி வருகிறது, கழற்றிப் பார்த்தேன். பெட்ரோல் வருகிறது. பிறகும் ஓடவில்லையென்றால் நான் என்ன செய்ய? தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று, "என்னக்கா, தீவாளி வந்துருச்சா" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். கடையில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்காமல் கிடக்கின்றன. ஆடிக் காற்று ஷெட் தகரத்தைப் போட்டு அடிக்கிறது. எடைக்குப் போடச் சொன்னவனுக்கே போன் பண்ணலாமா என்று நேற்று நினைத்தேன். இதை உன்னிடம்தான் சொல்கிறேன். உன் மாமாவிடம் சொல்லவில்லை.

தேவயானி


பண்ணைப்புரம்
8 ஆகஸ்ட் 2024

தமிழ்மாறா,

ஓடிவிட்டது.

நேற்றுக் கடையில் பவர் மெஷின் ஒன்று தையல் விட்டது. ஊசி இறங்குகிறது, நூல் பிடிக்கவில்லை. பின்பக்கத்தைத் திறந்து கொக்கியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மெஷினில் ஊசி ஒரு முறை இறங்கி ஏறுவதற்குள் கொக்கி இரண்டு சுற்றுச் சுற்றும். ஒரு சுற்றில்தான் நூலைப் பிடிக்கும். மற்றது வெறும் சுற்று. எத்தனையோ தடவை சரிபண்ணியிருக்கிறேன். நேற்று மட்டும் கையை அதன் மேல் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

இஞ்சினும் அப்படித்தான் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். பிஸ்டன் இரண்டு தடவை மேலே வரும், ஒரு தடவைக்குத்தான் பொறி. பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரை நான் மாட்டியபோது பிஸ்டன் மேலே இருக்கிறதா என்று பார்த்தேன். எந்தத் தடவை மேலே வந்தது என்று பார்க்கவில்லை. வெறும் சுற்றில் பொறி விழுந்திருக்கிறது. பெட்ரோல் உள்ளே வரும் வழி திறந்திருக்கிற நேரம். அதனால்தான் தீ வாய் வழியாக என் முகத்துக்கு வந்தது.

கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றவில்லை. பிளக் வயர்களை மட்டும் மாற்றினேன். ஒன்றாவதை நாலாவதின் இடத்தில், இரண்டாவதை மூன்றாவதின் இடத்தில். உன் மாமா சாக்கோடு நின்றார். சாவியைத் திருப்பினேன். இருமியது. இன்னொரு தடவை இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. நிறுத்த மனசில்லாமல் ஷெட் முழுக்கப் புகையாகும் வரை விட்டிருந்தேன். பக்கத்து வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார்கள். இந்தத் தடவை ஒருவரும் தீபாவளி பற்றிக் கேட்கவில்லை.

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன். வேலை முடிந்ததும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றாய். பார். வீட்டில் இரு.

தேவயானி


லோயர் கேம்ப்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

'வீட்டில் இரு' என்ற உன் கடிதம் இன்று, திங்கட்கிழமை வந்தது. தபால்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்குக் காரணம் தெரியவில்லை.

எனக்குக் கையில் கிடைத்திருந்தது, முன்மயிர் பொசுங்கிய கடிதம் மட்டும்தான். அதைப் படித்துவிட்டு யாரால் வீட்டில் உட்கார முடியும்? நேற்றுக் காலை டூல் பையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்பினேன். கம்பத்தில் மாறி, உத்தமபாளையத்தில் மாறி, பண்ணைப்புரத்தில் வந்து இறங்கினால், ஷெட் காலி. ஆயில் கறை மட்டும் தரையில் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா, "ஒரு மணி நேரம் முன்னாடித்தேன் ரெண்டு பேரும் லோயர் கேம்ப்புக்குக் கெளம்புனாக" என்றார். வழியில் எங்கேயோ நாம் எதிரெதிராகப் போயிருக்கிறோம். நான் பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.

ஷெட்டில் உன் மேஜையில் இரண்டு பெரிய போல்ட் கிடந்தன. கையில் எடுத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸைக் கீழே தாங்குகிற சட்டத்தின் போல்ட். இவற்றை மாட்டாமலேயே ஓட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ராஜாத்தி போன் பண்ணினாள். அக்கா வந்து நிற்கிறாள் என்றாள். நான் முதலில் கேட்டது, "வண்டி முழுசா நிக்குதா?" என்றுதான். நான் வரும் வரை உன்னை வண்டியைத் தொட விட வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். மத்தியானம் வரை நீ அங்கே உட்கார்ந்திருந்தது என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அல்ல, ராஜாத்தியின் கோழிக் குழம்புக்காக என்று இப்போது தெரிகிறது.

நான் வந்ததும் நேரே சட்டையோடு வண்டிக்கு அடியில் போனேன். அந்த இடத்தில் புது போல்ட் இரண்டு, பளபளவென்று, வாஷரோடு இருந்தன. பழையவற்றின் மரை தேய்ந்திருந்ததால் நீ மாற்றியிருக்கிறாய். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மவுண்டிங், கிளட்ச் கம்பி, சைலன்சர் கிளாம்ப், எல்லாம். எங்கேயாவது ஒரு தப்பு இருக்காதா என்று தேடினேன். ஃபேன் பெல்ட் கொஞ்சம் தளர்வு. அவ்வளவுதான் கிடைத்தது. அதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீ குனிந்து அடியில் எட்டிப் பார்த்து, "என்னத்தத் தேடுற?" என்றாய். தை மாதத்துக்குப் பிறகு உன் குரலை அப்போதுதான் கேட்கிறேன். மேலே பார்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்லக்கா" என்றேன். நீ அங்கேயே உட்கார்ந்துகொண்டாய். "அப்பா சொன்னாக, சரி. நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாய். அடியில் படுத்திருந்ததில் ஒரு லாபம், என் முகம் உனக்குத் தெரியவில்லை. வெளியே வந்தபோது நீ சாவியை நீட்டி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னாய். கூடலூர் வரைக்கும் போய் வந்தேன். முதல் கியரில் கிளட்ச் லேசாக உதறுகிறது. மற்றபடி நான் பூட்டியிருந்தால் இருப்பது போலத்தான் இருக்கிறது.

கையெழுத்துப் போட்ட தாள் இத்துடன் இருக்கிறது. நேற்றே கையில் கொடுத்திருக்க வேண்டும். நீ கிளம்புகிற அவசரத்தில் மறந்துவிட்டேன். திட்டு.

இன்னொரு விஷயம். கடமலைக்குண்டு வீட்டை ஒரு தேங்காய் வியாபாரி குடோனுக்குக் கேட்கிறார். முன் அறைச் சுவரை இடித்துப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறார். போன வாரமே பதில் சொல்லச் சொன்னார். வீடு என் பெயரில் இருப்பதால் நானே சொல்லிவிடலாம் என்று ராஜாத்தியும் சொன்னாள். நான் சொல்லவில்லை. உன்னிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

விடலாமா? சுவரை இடிக்கலாமா? நீ வேண்டாமென்றால் வேண்டாம்.

தமிழ்மாறன்


பண்ணைப்புரம்
16 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பிக்கு,

தாள் கிடைத்தது. ஃபேன் பெல்ட்டை இறுக்கிவிட்டேன். கிளட்ச் உதறுவது எனக்கு முன்பே தெரியும். நீ கண்டுபிடிக்கிறாயா என்று பார்த்தேன்.

வீட்டு விஷயத்தைப் படித்துவிட்டு இரண்டு நாளாகத் தலைவலி. கேட்கவில்லை, கேட்கவில்லை என்று இவ்வளவு நாள் கத்தியவள், நீ கேட்டதும் என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். உன் மாமாவிடம் கேட்டேன். உன் தம்பி உன்னைத்தானே கேட்டான் என்றார். இதை நீயே முடிவு செய்திருந்தால் நான் நிம்மதியாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்திருப்பேன். இப்போது யோசிக்கிற வேலையையும் என் தலையில் போட்டுவிட்டாய்.

வாடகைக்கு விடலாம் என்றுதான் நினைக்கிறேன். பூட்டியே கிடந்தால் கரையான் தின்றுவிடும். சுவரை இடிப்பதைப் பற்றி இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. எந்தச் சுவர், மேலே எந்த உத்தரம் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நீ ஃபிட்டர், கொத்தனார் இல்லை. நானும் இல்லை. இரண்டு பேரும் நின்று பார்க்கலாம். வியாபாரியையும் வரச் சொல். அவர் உன்னைப் பார்த்துப் பேசினால், பதில் நான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தயாராக இரு. பஸ்ஸில் ஏறித் தேனி வழியாக நீயே கடமலைக்குண்டுக்குப் போய்விடாதே. நான் லோயர் கேம்ப் வந்து உன்னை ஏற்றிக்கொண்டு அப்புறம் கடமலைக்குண்டு போகலாம். சுற்றுத்தான், தெரியும். பெட்ரோல் நான் போட்டுக்கொள்கிறேன்.

அக்கா